ஒரு கையும் மூன்று அலமாரிகளும்

'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். எந்த மரத்திலும் நிலைகொள்ளாமல் அலைகின்ற தொழிலாளியைக் கண்டிக்கப் பிறந்த சொல் அது. அந்தச் சொல்லை எடுத்து நாம் எழுத்தாளர்களின் மீதும் ஏவி விட்டோம். கதை எழுதியவர் ஊர் வரலாறு எழுதப் புகுந்தால், 'இவருக்கு ஏன் இந்த வேலை?' என்கிறோம். வரலாறு எழுதியவர் சிறுகதை எழுதினால், 'ஆராய்ச்சிக்காரருக்குக் கற்பனை எங்கிருந்து வரும்?' என்று ஐயுறுகிறோம். இவ்விருவரில் ஒருவர் மேலாண்மை பற்றி ஒரு நூல் வெளியிட்டுவிட்டாலோ, 'விற்பனைக்காக எழுதியது' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறோம்.

இந்தத் தீர்ப்பு தவறானது என்பது என் கருத்து. தவறானது மட்டுமன்று; காக்களூரைப் போன்ற ஓர் ஊரில் வாழ்கின்றவர்களுக்கு, அதிலும் இங்குள்ள பணிமனைகளின் நிழலில் வளர்ந்து கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்கு, இது பெரிய இழப்பையும் தருவது. எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலமாரி செய்த பிரிவினை

எந்த நூலகத்திற்குள்ளும் நுழைந்து பாருங்கள். தசம வகைப்பாட்டு முறையைப் பின்பற்றும் நூலகமானால், மேலாண்மை நூல்கள் 658 என்ற எண்ணின் கீழ் நிற்கும். தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணில் இருக்கும். தமிழ்நாட்டு வரலாறு 954.82-இல் இருக்கும். முதல் அலமாரிக்கு வணிகவியல் மாணவன் போகிறான். இரண்டாவதற்குத் தமிழ் மாணவி போகிறாள். மூன்றாவதற்குத் தேர்வு நெருங்கும்போது மட்டும் வரலாற்று மாணவர்கள் போகிறார்கள். ஒரே மனிதர் எழுதிய மூன்று நூல்கள் மூன்று மூலைகளில், ஒன்றையொன்று அறியாத அயலார்போல் நின்றுகொண்டிருக்கும்.

நூல்களை எங்காவது வைத்துத்தானே ஆக வேண்டும்? வகைப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்திய நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதன், கணிதப் பேராசிரியராக இருந்து நூலகராக மாறியவர். 1931-இல் நூலகத் துறைக்கான ஐந்து விதிகளையும், 1933-இல் கோலன் பகுப்பு முறையையும் உலகுக்குத் தந்தவர். ஒரு நூலுக்கு ஒரே முகம் இல்லை, பல முகங்கள் உண்டு என்பதே அவருடைய பகுப்பு முறையின் உயிர்நாடி. நூல்களை வகைப்படுத்தும் கலையையே வளர்த்தவர் உணர்ந்திருந்த இவ்வுண்மையை, நூல்களைப் படிக்கின்ற நாம் மறந்துவிட்டோம். எழுத்தாளருக்கும் ஓர் எண் ஒட்டி, அந்த எண்ணை விட்டு அவர் வெளியே வரக்கூடாது என்கிறோம்.

கடலோடி ஒருவரின் நூல்கள்

சான்றாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். நரசய்யா என்ற பெயரைத் தமிழ் வாசகர்கள் பலர் அறிவார்கள். இளமையிலேயே இந்தியக் கடற்படையில் சேர்ந்து பொறியியல் தொழில் கற்றவர் அவர். 1961-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்ட விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் பணியாற்றியவர். பின்னர் வணிகக் கப்பல்களிலும், அதன் பின் விசாகப்பட்டினம் துறைமுகத்திலும் வேலை பார்த்தார். உலக வங்கியின் ஆலோசகராகக் கம்போடியா நாட்டிலும் பணி செய்தார். எஞ்சின் அறையின் வெப்பத்தையும் எண்ணெய் வாடையையும் அறிந்த மனிதர்.

அவர் எழுதிய நூல்களைப் பாருங்கள். கடல் வாழ்க்கையின் அனுபவங்களைச் சொல்லும் 'கடலோடி' ஒன்று. சிறுகதைகள் பல. பழங்காலம் தொட்டு நடந்த வாணிகத்தைப் பேசும் 'கடல்வழி வணிகம்' ஒன்று. சென்னையின் வரலாறாகிய 'மதராசபட்டினம்' ஒன்று. மதுரையின் வரலாறாகிய 'ஆலவாய்' ஒன்று. தம் தாய்மாமனும் மணிக்கொடிக் காலத்து எழுத்தாளருமான 'சிட்டி' பெ. கோ. சுந்தரராஜனின் வாழ்க்கையைக் கூறும் 'சாதாரண மனிதன்' ஒன்று. இவற்றை நூலகர் எத்தனை அலமாரிகளில் வைப்பார்? பயணம், புனைகதை, வணிகம், வரலாறு, வாழ்க்கை வரலாறு எனக் குறைந்தது ஐந்து இடங்களில் வைக்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஐந்தும் ஒரே மனத்திலிருந்து பிறந்தவை என்பதை எண்ணிப் பாருங்கள். சென்னை எவ்வாறு தோன்றியது என்று கேட்டால், பாடநூல் 1639 என்ற ஆண்டையும், பிரான்சிஸ் டே என்ற பெயரையும், நாயக்கரிடமிருந்து பெற்ற நிலக் கொடையையும் சொல்லும். கடலை அறிந்தவன் அடுத்த கேள்வியைக் கேட்பான். 'அங்கே கப்பல் எங்கே நின்றது?' சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில், அலைகளைக் கடந்து, சரக்கையும் மனிதரையும் நம் கடற்கரை மக்கள் ஏற்றி இறக்கினார்கள். செயற்கைத் துறைமுகப் பணி 1876-இல் தொடங்கியது. 1881-இல் வந்த புயல் அதைச் சிதைத்தது. அப்படியானால் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கோட்டையும் வணிகமும் அப்படகோட்டிகளின் தோள்வலியில் அன்றோ நடந்தன!

ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு இக்கேள்வி தோன்றுவது அரிது. கப்பலில் வேலை செய்தவனுக்கு அது இயல்பாகத் தோன்றும். சரக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தது, காத்திருந்த காலத்திற்கு யார் பணம் கொடுத்தார் என்பது மேலாண்மைக் கேள்வி. படகோட்டியின் வீட்டில் அன்று இரவு அடுப்பு எரிந்ததா என்பது கதைக்கான கேள்வி. எந்த ஆண்டு, எந்த ஆவணம் என்பது வரலாற்றுக் கேள்வி. மூன்றும் ஒரே கடற்கரையில் நிற்கும் கேள்விகள். அவற்றைப் பிரித்தது நாம்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 'கடலோடி'யை வெளியிட்டது வாசகர் வட்டம். அதை நடத்தியவர் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி. தலைவர் சத்தியமூர்த்தியின் மகள். நமக்கு அருகே பூண்டியில், கொசத்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம் அதே சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் மாவட்டத்து நீர் சென்னையின் தாகத்தைத் தணிக்கிறது. அந்த நீர்த்தேக்கத்திற்குப் பெயர் தந்தவரின் மகள், கடலில் திரிந்த ஒரு பொறியாளரைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்தார். புத்தகமும் அணைக்கட்டும் வேறு வேறு உலகங்கள் அல்ல என்பதற்கு இதைவிட அண்மையில் ஒரு சான்று வேண்டுமா?

தொழிற்சாலைக்குள்ளிருந்து வந்த எழுத்து

அடுத்து சுஜாதாவை நினைத்துக்கொள்வோம். அவருடைய நாவல்களை ஒளித்து வைத்துப் படித்த தலைமுறை ஒன்று உண்டு. அவர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அந்த எந்திரம் 1982-இல் கேரளத்தின் பறவூர்த் தொகுதியில் ஐம்பது வாக்குச் சாவடிகளில் முதன்முதல் பயன்படுத்தப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. 2004-இல் நாடு முழுவதற்குமான பொதுத் தேர்தலே அதில் நடந்தது.

இவர் துப்பறியும் கதை எழுதினார், அறிவியல் புனைகதை எழுதினார், நாடகம் எழுதினார். 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று அறிவியல் வினாக்களுக்கு விடை தந்தார். சிலிக்கன் சில்லைப் பற்றி எழுதினார். திருக்குறளுக்கும் புறநானூற்றுக்கும் எளிய உரை தந்தார். இவ்வளவுக்கும் நடுவில், தாம் பாட்டியின் வீட்டில் வளர்ந்த ஊரை மறக்காமல் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' எழுதினார். அவை கதைகள்தாம், ஆயினும் ஒரு கோயில் நகரத்தின் வீதிகள், வழக்கங்கள், கிரிக்கெட் ஆட்டங்கள், வறுமைகள், ஆசைகள் யாவும் அவற்றில் பதிவாகியுள்ளன. இன்னும் நூறு ஆண்டு கழித்து அவ்வூரின் சமூக வரலாற்றை எழுதுபவர் அந்நூலைத் தொடாமல் எழுத முடியாது. எனவே அது கதையா, ஊர் வரலாறா?

எந்திரத்தை வடிவமைத்தவரின் தமிழ் நடையில் சிக்கனம் இருந்தது. தேவையற்ற உறுப்பைப் பொறியாளர் எந்திரத்தில் வைப்பதில்லை. தேவையற்ற சொல்லைச் சுஜாதா வாக்கியத்தில் வைப்பதில்லை. இது தற்செயல் என்று நான் கருதவில்லை. தொழில் ஒருவனுடைய கைக்குக் கற்றுக் கொடுத்ததை அவனுடைய மொழியும் கற்றுக்கொள்கிறது.

மேலாண்மை என்னும் மூன்றாவது அலமாரி

மூன்றாவது அலமாரியைத்தான் நம்மவர் மிகவும் குறைவாக மதிக்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. 'வெற்றிக்கு வழி' என்ற பெயரில் வருகின்ற நூல்கள் பல, தொழிற்கூடத்தின் வாசற்படியைக்கூட மிதியாதவர்களால் எழுதப்பட்டவை. ஜப்பானில் நடந்ததையும் அமெரிக்காவில் நடந்ததையும் எடுத்து, ஊர்ப் பெயரை மாற்றித் தருபவை. அவற்றைப் பாராட்ட நான் வரவில்லை.

ஆனால் மேலாண்மைத் துறையை வளர்த்த அறிஞர் பீட்டர் டிரக்கர் யார்? 1909-இல் வியன்னாவில் பிறந்தவர். 1940-களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தினுள் சென்று, அங்கே வேலை எவ்வாறு நடக்கிறது என்று நேரில் பார்த்து, 1946-இல் நூல் எழுதினார். 1954-இல் மேலாண்மை நடைமுறை பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வந்தது. இவ்வளவு பெயர் பெற்ற பின், எழுபது வயதைத் தாண்டி, 1982-இலும் 1984-இலும் இரண்டு நாவல்கள் எழுதினார். ஜப்பானிய ஓவியம் பற்றியும் எழுதினார். ஏன்? மனிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் வரைபடத்திலும் பட்டியலிலும் அடங்காது என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

நம் நாட்டில் வெ. இறையன்பு இருக்கிறார். வேளாண்மை படித்து, ஆட்சிப் பணியில் சேர்ந்து, 2021 முதல் 2023 வரை தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்தவர். நருமதை அணையால் இடம்பெயரும் மக்களைப் பற்றி 'ஆத்தங்கரை ஓரம்' என்ற நாவல் எழுதினார். கவிதையும் சிறுகதையும் எழுதினார். 'இலக்கியத்தில் மேலாண்மை' என்ற பெரிய நூலையும் எழுதினார். கோப்புகளில் 'இடம்பெயர்வோர் எண்ணிக்கை' என்று எழுதப்படும் வரியின் பின்னால் ஓர் ஆறும் ஓர் அடுப்பும் ஒரு மரமும் இருப்பதை அறிந்த நிர்வாகி, அதை அறியாத நிர்வாகியைவிட நல்ல நிர்வாகி அல்லவா? நாவல் எழுதிய கை, கோப்பில் கையெழுத்திடும்போது சற்றே தயங்கும். அந்தத் தயக்கம் நாட்டுக்கு நல்லது.

மறுப்புரைகள்

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். அவற்றைத் தட்டிக் கழிக்காமல் பார்ப்போம்.

முதல் மறுப்பு: 'பல துறைகளில் எழுதுபவர் எதிலும் ஆழமாக எழுத மாட்டார்.' இதில் உண்மை உண்டு. எல்லாவற்றையும் எழுதிக் குவித்து, எதுவும் நிலைக்காமல் போனவர்கள் இருக்கிறார்கள். பல துறை நூல்கள் என்பதே ஒரு தகுதி ஆகிவிடாது. எனவே நமக்கு ஓர் உரைகல் வேண்டும். நான் கொள்ளும் உரைகல் இது: ஒருவருடைய ஒரு நூல் அவருடைய மற்றொரு நூலுக்கு உதவி செய்கிறதா? நரசய்யாவின் கடல், சென்னை வரலாற்றுக்குள் வந்து சேர்கிறது. சுஜாதாவின் தொழிற்கூடம் கதைக்குள் வருகிறது. அவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்றால் அது பல மரம் கண்ட தச்சனின் அலைச்சல் அன்று. பல மரங்களின் தன்மையும் அறிந்து, எதற்கு எந்த மரம் என்று தேர்கின்ற தச்சனின் தெளிவு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கிடந்தால், பழமொழி வென்றது என்று ஒப்புக்கொள்ளலாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: 'நீர் சொன்னவர்கள் எல்லாரும் பொறியாளர்கள், உயர் அதிகாரிகள். ஓய்வும் ஊதியமும் இருந்தன, எழுதினார்கள். மூன்று ஷிப்ட் பார்க்கும் தொழிலாளி எங்கே எழுதுவது?' நியாயமான கேள்வி. எனினும் தமிழ் எழுத்தின் வரலாறு அதற்கும் விடை வைத்திருக்கிறது. 'பாலும் பாவையும்' எழுதிய விந்தன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். கோவையில் ஆட்டோ ஓட்டிய சந்திரகுமார், தாம் பட்ட துன்பத்தை 'லாக்கப்' என்று எழுதினார். அது பின்னர் 'விசாரணை' என்ற திரைப்படமாயிற்று. இத்தாலியில் பிரீமோ லெவி என்பவர் டூரின் நகருக்கு அருகில் வண்ணப்பூச்சுத் தொழிற்சாலையில் வேதியியலாளராகவும் மேலாளராகவும் பல ஆண்டுகள் இருந்துகொண்டே எழுதினார். 1975-இல் தனிமங்களின் பெயர்களையே தலைப்புகளாக வைத்து ஒரு நூல் தந்தார். 1978-இல், பாலங்களையும் பளுதூக்கிகளையும் நிறுவும் ஒரு தொழிலாளியைக் கதைத் தலைவனாக்கி நாவல் எழுதினார். ஒரு மரையைச் சரியாக முடுக்குவதில் உள்ள பெருமிதத்தை இலக்கியமாக்கினார்.

ஓய்வு இருந்தால் நல்லதுதான். ஆனால் எழுதத் தகுதியான வாழ்க்கை இது என்ற எண்ணமே முதலில் வேண்டும். நம்மிடம் குறைவாக இருப்பது அந்த எண்ணமே.

காக்களூர் எந்த அலமாரியில்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். காக்களூர் என்றதும் வெளியூர்க்காரருக்கு நினைவு வருவன சிட்கோ தொழிற்பேட்டையும் ஆவின் பால் பண்ணையும்தாம். ஏரியை உள்ளூர்க்காரர் நினைப்பார். நம் நூலக அலமாரிகளில் காக்களூரைத் தேடிப் பாருங்கள். திருவள்ளூர் வீரராகவர் கோயிலைப் பற்றிய நூல் கிடைக்கும். திருத்தணியைப் பற்றியும், 1960 ஏப்ரல் முதல் நாள் அது நம் மாநிலத்தோடு சேர்ந்த எல்லைப் போராட்டத்தைப் பற்றியும் நூல்கள் கிடைக்கும். பழவேற்காட்டில் 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கோட்டையைப் பற்றிய செய்தி கிடைக்கும். லேத் பட்டறைகளைப் பற்றி எதுவும் கிடைப்பது அரிது.

இத்தனைக்கும் இம்மண், கருவி செய்த மண். பூண்டிக்கு அருகில் அத்திரம்பாக்கத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டார். அங்கே மீண்டும் நடந்த அகழாய்வின் முடிவுகள் 2011-இல் வெளியாயின. அக்கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று அறிவியலார் அறிவித்தார்கள். கல்லை எந்தக் கோணத்தில் தட்டினால் எந்த விளிம்பு கிடைக்கும் என்று அறிந்த கைகள் கொசத்தலைக் கரையில் அன்றே இருந்தன. இன்று இரும்புத் தண்டை லேத்தில் ஏற்றி, நூலளவு பிசகாமல் கடைந்தெடுக்கின்ற கைகள் அதே வட்டாரத்தில் இருக்கின்றன. பழங்கற்காலத்துக் கைக்குப் பூண்டியில் அருங்காட்சியகம் இருக்கிறது. இக்காலத்துக் கைக்கு ஒரு சிறு நூலாவது இருக்க வேண்டாமா?

எதை எழுதுவது என்று கேட்கிறீர்களா? ஒரே ஒரு செய்தியை எடுத்துக் காட்டுகிறேன். அது 45 நாள் என்ற செய்தி.

சிறு பட்டறைக்காரர் ஒருவர் பெரிய தொழிற்சாலைக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கிறார். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக, சேரும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வருமா? கேட்பவர் எத்தனை பேர்?

இந்தச் செய்தியை மேலாண்மை மாணவன் எழுதினால், நடப்பு முதல் எவ்வாறு முடங்குகிறது, எத்தனை நாள் தாமதத்தில் இலாபம் கரைந்து போகிறது என்று கணக்குப் போடுவான். வரலாற்று மாணவி எழுதினால், பணம் வரும் நாள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வாறு தள்ளிப் போயிற்று என்று பழைய பில் புத்தகங்களைப் புரட்டிச் சொல்வாள். கதை எழுதுபவர், சனிக்கிழமை மாலையில் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதற்காக வெள்ளிக்கிழமை காலையில் அடகுக் கடைக்குப் போன வளையலைப் பற்றி எழுதுவார். கணக்கு மட்டும் இருந்தால் வளையல் தெரியாது. வளையல் மட்டும் இருந்தால், அது ஒரு வீட்டின் தலைவிதி என்று படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போய்விடுவோம். அது ஒரு தொழில்முறையின் விளைவு என்பது தெரியாது. ஆண்டுகள் இல்லாவிட்டால், எப்போதும் இப்படித்தான் என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுவோம். மூன்றையும் ஒரே கை எழுதும்போதுதான் உண்மை முழுமையாக எழுந்து நிற்கும். பல துறை எழுத்தை நான் ஆதரிப்பதற்குக் காரணம் இதுவே.

காலம் கடந்தால் கிடைக்காத செய்திகள் வேறு பலவும் உண்டு. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டில் சிறு பட்டறைகள் எவ்வாறு பிழைத்தன? எந்த நேரத்தில் மின்சாரம் வரும் என்று காத்திருந்து, நள்ளிரவில் வேலையைத் தொடங்கிய கதைகளை யார் எழுதினார்கள்? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருந்த தொழிலாளர் அறைகளில் என்ன நடந்தது? அவர்களில் திரும்பி வந்தவர் யார், வராதவர் யார்? அவர்களோடு வேலை செய்து நம்மவர் கற்ற இந்தியும், அவர்கள் கற்ற தமிழும் எப்படிப்பட்டவை? இவற்றை அறிந்தவர்கள் இன்று நம் நடுவில் இருக்கிறார்கள். பணி ஓய்வு பெற்று அவர்கள் ஊர் திரும்பிவிட்டால், செய்தியும் அவர்களுடன் போய்விடும்.

செய்யத்தக்கவை

ஊருக்கு ஓர் எழுத்தாளர் வானத்திலிருந்து வந்து குதிப்பார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரியிலேயே தொடங்கலாம். மூன்று சிறு வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சொற்களைச் சேர்த்தல். கி. ராஜநாராயணன் ஓர் உழவர், எழுத்தாளர், 'கோபல்ல கிராமம்' தந்தவர். அவரே கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டி 1982-இல் அகராதியாக்கினார். கதையில் பயன்படுத்திய சொல்லையே அகராதியிலும் சேர்த்துக் காத்தார். நம் தொழிற்பேட்டையிலும் ஒரு மொழி வழங்குகிறது. 'ஜாப் ஒர்க்' என்றும், 'ஷிப்ட் மாத்தி விடுறவர்' என்றும், 'ஓ.டி. பாக்குறது' என்றும், 'மெஷின் படுத்துடுச்சு' என்றும் பேசுகிறார்களே, அந்த மொழி. அது கலப்பு மொழி என்று முகம் சுளிக்காமல், எந்தச் சொல் எந்தப் பொருளில் எந்தப் பணிமனையில் வழங்குகிறது என்று தமிழ்த்துறை மாணவர்கள் எழுதி வைக்கட்டும்.

இரண்டாவது, முதியவர்களைக் கேட்டல். தொழிற்பேட்டைக்கு முதன்முதல் வந்த பட்டறைக்காரர்கள், முதல் தலைமுறைத் தொழிலாளர்கள், ஏரிப் பாசனத்தில் உழுதவர்கள், தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன முதல் பெண்கள் ஆகியோரிடம் வரலாற்றுத் துறை மாணவர்கள் ஒரு குறிப்பேட்டுடன் செல்லட்டும். தேதியைக் கேட்கட்டும். பழைய ஊதியச் சீட்டு, அடையாள அட்டை, புகைப்படம் இருந்தால் பார்க்கட்டும். சொன்னவர் விரும்பாவிட்டால் அவர் பெயரை எழுத வேண்டாம், செய்தி போதும்.

மூன்றாவது, ஒரு பட்டறையின் கணக்கைக் கற்றல். வணிகவியல் மாணவர் ஒருவர், உரிமையாளரின் இசைவோடு, ஒரு சிறு பட்டறையில் ஒரு மாதம் அமர்ந்து, மூலப்பொருள் வந்த நாள், வேலை முடிந்த நாள், சரக்கு போன நாள், பணம் வந்த நாள் என்று நான்கு நாள்களை மட்டும் குறித்தால் போதும். அந்த ஒரு தாள், வெளிநாட்டு நிறுவனங்களின் வெற்றிக் கதைகளைவிட அதிகமாக நமக்குக் கற்றுத் தரும்.

இம்மூன்றும் மூன்று துறைகளின் வேலைகள். ஆனால் ஒருவர் செய்ததை மற்றவர் படிக்க வேண்டும். தமிழ் மாணவி திரட்டிய சொற்களை வணிகவியல் மாணவன் தன் அறிக்கையில் ஆளட்டும். அவன் எழுதிய நான்கு நாள்களை அவள் தன் சிறுகதையில் வைக்கட்டும். துறைகளுக்கு இடையில் சுவர்கள் இருக்கட்டும். சுவருக்கு ஒரு சன்னலாவது வேண்டும்.

முடிவாக, படிக்கின்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் எழுத்தாளரின் ஒரு நூல் உங்களுக்குப் பிடித்திருந்தால், அவருடைய அடுத்த நூலை அதே அலமாரியில் மட்டும் தேடாதீர்கள். கதை படித்தவர், அவர் எழுதிய ஊர் வரலாற்றை எடுங்கள். வரலாறு படித்தவர், அவருடைய சிறுகதையைத் தேடுங்கள். மேலாண்மை நூல் படித்தவர், அதை எழுதியவர் எந்தத் தொழிலில் கையை அழுக்காக்கிக்கொண்டார் என்று கேளுங்கள். அப்படிப் படித்துப் பழகிய மாணவ நண்பர்கள் நாளை எழுதவும் தொடங்குவார்கள். காக்களூர் ஏரியும், பட்டறையின் இரைச்சலும், வராத பணமும், மீட்ட வளையலும் ஒரே நூலில் வந்து சேரும் நாளில், அந்த நூலை எந்த அலமாரியில் வைப்பது என்று நம் நூலகர் திகைப்பார். அவர் அவ்வாறு திகைக்கும் நாள் விரைவில் வரட்டும்!